முப்பத்தொரு கார்டுகள்

போன வாரம் சின்னவள் போனை வைத்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "இனி அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் எங்கே போவார்கள்? நீரடித்து நீர் விலகுமா? ஆனால் எந்த நேரத்தில், என்ன பேச்சு பேசினார்கள் என்பதில்தான் இருக்கிறது வினை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரியவள் ஒரு கார்டுக் கம்பெனியில் இயக்கப் பிரிவின் தலைவி. நீங்கள் கடையில் கார்டை நீட்டினால், 'கொடுக்கலாம்' என்றோ 'கொடுக்காதே' என்றோ கடைக்காரரின் மெஷினுக்குப் பதில் சொல்கிற கம்பெனி அது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கார்டைத் தொலைத்துவிட்டு அழுகிறவர்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்தவள், படிப்படியாக ஏறி, உச்சிக்கு ஒரு படி கீழே நிற்கிறாள். நிர்வாகத் தலைவராக இருக்கும் பெரியவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குப் போட்டி இரண்டே பேர். ஒன்று இவள். இன்னொருவர் நிதிப் பிரிவின் தலைவர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார் என்பதால் ஆபீசில் அவருக்குக் 'கோட்டு' என்றே பெயர். இன்று மாலை நாலு மணிக்கு இயக்குநர்கள் கூடி முடிவு சொல்கிறார்கள்.

சின்னவள், ஹோட்டல்களுக்குப் போர்வை துவைத்துக் கொடுக்கும் சலவைக் கடை வைத்திருக்கிறாள். அவள் மகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்டக் கடைசி நாளும் இன்றேதான், பகல் பன்னிரண்டு மணிக்குள். "பீஸை நான் கட்டிடறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று பெரியவள் உறவுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிற குடும்பக் குழுவில் எழுதப்போக, "என் பொண்ணுக்கு நான் இருக்கேன்" என்று சொல்லி சின்னவள் போனை வைத்தாள். அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தினேன்.

இனி இன்றைய காலை.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபீசுக்குள் நுழைவதற்கு முன், வழியில் இரண்டு கடையிலாவது தன் கார்டை நீட்டி ஏதாவது வாங்குவாள். "சமைக்கிறவ ருசி பார்க்காம பந்தியில வைக்கலாமா?" என்பாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விடாத பழக்கம். பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்குப் பெரியவர் இதைத்தான் உதாரணமாகச் சொல்வார்.

இன்று முதலில் ஒரு பூக்கடை. இரண்டாவது மருந்துக் கடை, தொண்டை மாத்திரை. மாலையில் பேச வேண்டுமே. கார்டை வைத்தாள், மெஷின் கூவி ரசீதைத் துப்பியது.

"அட, போயிடுச்சே" என்றார் கடைக்காரர்.

அவர் ஏன் ஆச்சரியப்படுகிறார் என்று பெரியவள் கேட்டிருக்கலாம். அவள் காதில் போன் இருந்தது. மனசில் நாற்காலி இருந்தது. சிரித்துவிட்டு நடந்துவிட்டாள்.

ஆபீசில் கண்காணிப்பு அறைக்குப் பொறுப்பானவரை எல்லாரும் 'ராக்கோழி' என்பார்கள். ஐந்து வருடமாக இரவு வேலை பார்த்துப் பார்த்து, பகலில் கண்ணைச் சுருக்கியபடியே பேசுவார். இன்று வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"மேடம், எட்டு மணியிலேர்ந்து புகார் போன் கொஞ்சம் கூடுதலா வருது."

"திரையில என்ன இருக்கு?"

"எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. எல்லாக் கடைக்கும் நொடியில பதில் போயிட்டிருக்கு."

"ராத்திரி ஏதாவது மாத்தினோமா?"

"திருட்டுக் கார்டைப் பிடிக்கிற சல்லடையைப் புதுசாப் போட்டோம். அதை வேணா பழையபடி வெச்சுப் பார்க்கலாமான்னு..."

"வரும்போது ரெண்டு கடையில பார்த்துட்டுத்தான் வரேன். ரெண்டுலயும் கார்டு வேலை செஞ்சுது. ஏதாவது பேங்குல தகராறா இருக்கும், விசாரிங்க."

ராக்கோழி தலையாட்டினார். இருபத்திரண்டு வருட அனுபவம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பத்தரைக்கு ஒரு பத்திரிகை நிருபர் கூப்பிட்டார். சில கடைகளில் கார்டு வேலை செய்யவில்லையாமே என்றார். வேறொரு நாளாக இருந்தால் 'விசாரித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருப்பாள். இன்று நாலு மணிக்குக் கூட்டம். அதற்குள் கோளாறு என்ற வார்த்தையே காற்றில் இருக்கக் கூடாது.

"எங்க பக்கம் எந்தக் கோளாறும் இல்லை. இன்னைக்குக் காலையில நானே ரெண்டு கடையில என் கார்டை உபயோகிச்சேன்" என்றாள்.

பத்து நிமிடத்தில் அவள் போட்டோவோடு செய்தி வந்துவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதென்று நினைக்குமாம். நம் பூனை கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் வெளிச்சம் என்று பேட்டியே கொடுத்துவிட்டது.

அதே நேரம் கல்லூரியில், பணம் கட்டும் கவுன்டர் முன்னால் சின்னவள் நின்றிருந்தாள். ரொக்கம் வாங்க மாட்டோம், கார்டு மட்டும்தான் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அவள் கார்டை மூன்று முறை வைத்தாயிற்று. மூன்று முறையும் 'மறுக்கப்பட்டது' என்று வந்தது. பக்கத்தில் மகள் சான்றிதழ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ரோஷம் பார்க்கிற நேரமா இது? சின்னவள் போனை எடுத்தாள்.

"அக்கா, காலேஜ்ல நிக்கிறேன். கார்டு போகமாட்டேங்குது."

"அக்கவுன்ட்டுல பணம் இருக்கா?"

"இருக்கு."

"சரியாப் பார்த்தியா?"

"இருக்குன்னு சொல்றேன்ல."

"அப்ப உன் பேங்கைக் கேளு. எங்க பக்கம் எல்லாம் நல்லாத்தான் ஓடுது, நான் காலையில கூடப் பார்த்தேன். இப்ப ஒரு மீட்டிங்ல இருக்கேன். வேணும்னா நானே இங்கேருந்து கட்டிடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் சின்னவள்.

பேங்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கவுன்டரில் இருந்தவர் நல்ல மனுஷர்தான். தன் போனைத் திருப்பிக் காட்டினார். திரையில் பெரியவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கம்மா, கார்டுக் கம்பெனிக்காரங்களே சொல்லியிருக்காங்க. கோளாறு எதுவும் இல்லையாம். உங்க கார்டுலதான் ஏதோ தப்பு. வீட்டுல யார்கிட்டயாவது வேற கார்டு இருந்தா வாங்கிட்டு வாங்க."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "பணம் இல்லாம எதுக்கு வரிசையில வந்து நிக்கணும்" என்று முணுமுணுத்தார். அடுத்த ஐந்தாவது நிமிடம் அவர் கார்டும் மறுக்கப்பட்டது. அது வேறு விஷயம். அந்த வார்த்தை அதற்குள் சின்னவள் காதில் விழுந்துவிட்டது.

மூன்று வருடம், ஒரு நாள் விடாமல், அடுத்தவர் படுத்த போர்வைகளைத் துவைத்துச் சேர்த்த பணம் அது. 'திரையில் இருப்பது என் கூடப்பிறந்தவள்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பன்னிரண்டு அடித்ததும் கவுன்டரை மூடினார்கள். அப்போது வெளியே பதினேழு பேர் நின்றிருந்தார்கள்.

"வாம்மா, போலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றாள் மகள்.

அந்தப் பெண் அழுதிருந்தால்கூட சின்னவள் தாங்கியிருப்பாள்.

பன்னிரண்டு பத்துக்குப் பெரியவளுக்கு இன்னொரு போன். அவள் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். எப்போதும் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவர் என்பதால், எதற்கும் பதற்றப்பட மாட்டார்.

"மேடம், உங்க கம்பெனி என்னைப் பெட்ரோல் பங்க்ல பிடிச்சு வெச்சிருக்கு. டேங்க் ரொம்பிடுச்சு, கார்டு போகல. ஸ்டியரிங்ல ஒரு அம்மா இருக்காங்க. இன்னைக்குத்தான் முதல் நாள். பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறாங்க, அவங்க தன்னைத்தான் திட்டறாங்கன்னு அழறாங்க."

"உங்க கார்டுமா?"

"என் கார்டுமான்னா? வேற யாரோடது?"

பெரியவள் எழுந்தாள். ஒரே வீட்டில் இரண்டு கார்டு. அவளுடையது மட்டும் போகிறது. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி, கண்காணிப்பு அறைக்கு வந்தாள்.

"என் கார்டு காலையில எந்த வழியாப் போச்சுன்னு பாருங்க."

ராக்கோழி தட்டினார். பார்த்தார். கண்ணைச் சுருக்கி மறுபடியும் பார்த்தார்.

"மேடம், உங்க கார்டு சல்லடைக்குள்ளயே போகலை. தனிப் பட்டியல் ஒண்ணு இருக்கு. முப்பத்தொரு கார்டு. என்ன ஆனாலும் மறுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. எட்டு வருஷத்துக்கு முந்தின ஆர்டர்." கொஞ்சம் தயங்கினார். "கீழ உங்க கையெழுத்து."

அவளுக்கு நினைவு வந்தது. ஒரு விருந்தில் பெரியவரின் கார்டு, விருந்தாளிகள் முன்னால் மறுக்கப்பட்டுவிட்டது. மறுநாள் அவர் ஆபீசையே இரண்டாக்கிவிட்டார். 'மேலதிகாரிகள், இயக்குநர்கள் கார்டுகளைச் சோதிக்க வேண்டாம்' என்று ஒற்றை வரியில் உத்தரவு எழுதி, அவரைக் குளிரவைத்தவள் இவள்தான். மேலதிகாரிகள் பட்டியலில் தன் பெயரும் வரும் என்பதை அன்று யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு மறந்தே போனாள்.

எட்டு வருடமாகத் தினமும் காலையில் ருசி பார்த்தது, தனக்கென்று தனியாக எடுத்து வைத்த கிண்ணத்தில். பந்திக்குப் போன சாப்பாடு எப்படி இருந்ததென்று அவளுக்கு ஒரு நாளும் தெரியாது.

"திரை ஏன் பச்சையா இருக்கு?"

"வேண்டாம்னு சொல்றதும் பதில்தானே மேடம். பதில் போயிட்டிருந்தா பச்சைதான் காட்டும்."

புதிய சல்லடை, திருட்டுக் கார்டோடு நல்ல கார்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பழையதை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. கவுன்டர் மூடி முக்கால் மணி ஆகியிருந்தது.

பெரியவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தாள். எடுத்துவிட்டாள்.

"தப்பு எங்களோடது" என்றாள். பட்டியல் விஷயம் முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள். "நீ இருக்கியா?"

"இருக்கேன். நான் பணம் இருக்குன்னு சொன்னேன். நீ சரியாப் பார்த்தியான்னு கேட்ட."

"கேட்டிருக்கக் கூடாது."

"சரி விடு. கவுன்டர்க்காரர் மேல போய் விசாரிச்சார். கார்டுக் கம்பெனி தன் மேல தப்புன்னு சொன்னா, அஞ்சு மணி வரைக்கும் பணம் வாங்கிக்கலாம்னு பிரின்சிபால் சொல்லிட்டாராம். இல்லைன்னா நாளைக்குக் காலையில இந்த இடம் காத்திருப்புப் பட்டியல்ல இருக்கிறவங்களுக்குப் போயிடும்."

"அவ்வளவுதானே? இப்பவே உன் கார்டு நம்பரைப் போட்டு ஒரு லெட்டர் அனுப்பறேன். பிரின்சிபால்கிட்டயும் நானே பேசிடறேன்."

சின்னவள் நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, என்னையும் அந்த லிஸ்ட்டுல சேர்க்கப் போறியா?"

பெரியவள் லெட்டருக்காக எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"இங்க இன்னும் பதினாறு பேர் நிக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் அக்கா இல்ல" என்றாள் சின்னவள்.

இரண்டு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டனுப்பினார். அவரிடம் எதையும் மறைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. பொது அறிவிப்பு கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைக் கைபிடித்து மேலே கொண்டுவந்தவர் அவர்தான். அவள் கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை.

"கொடு. யார் வேண்டாம்னா? நாளைக்குக் கொடு. இன்னும் ரெண்டு மணி நேரம் வாயைத் திறக்காம இரும்மா. நாற்காலியில உட்கார்ந்துட்டு அப்புறம் அந்தப் பட்டியலைக் கிழி, என்னைத் திட்டி வேணாலும் ஒரு அறிக்கை விடு. இப்ப சொன்னேன்னா, கோட்டுக்கு நீயே கம்பளம் விரிச்ச மாதிரி."

"காலேஜ் அஞ்சு மணிக்கு மூடிடும் சார்."

"ஒரு காலேஜுக்காகவா?"

"காலையில நான் சொன்னதை நம்பி, கடைக்காரங்க ஜனங்களைப் பணம் இல்லாதவங்கன்னு நினைச்சிருக்காங்க. எத்தனை பேர் தலைகுனிஞ்சு வீட்டுக்குப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒருத்தியைத்தான் தெரியும்."

"இருபத்திரண்டு வருஷம்மா" என்றார் பெரியவர்.

அவளுக்குத் தெரியாதா? அறைக்குத் திரும்பி வந்து அரை மணி நேரம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்கிற ஆள் அவள் இல்லை. கணவனுக்கு போன் செய்து, "போயிடும்போல இருக்குங்க" என்றாள்.

"வேகமாப் போகும்போது தப்பான ரோடுன்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்னு என்கிட்ட படிக்கிறவங்களுக்கு என்ன சொல்லித் தருவேன் தெரியுமா?"

"என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல இண்டிகேட்டரைப் போடுன்னு. பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எழுத ஆரம்பித்தாள்.

மூன்று இருபதுக்கு அறிவிப்பு வெளியானது. 'இன்று காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை நல்ல கார்டுகளும் மறுக்கப்பட்டன. தவறு எங்களுடையது, வாடிக்கையாளர்களுடையது அல்ல. காலையில் நான் சொன்னது தவறு. நான் சோதித்துப் பார்த்த கார்டு, எப்போதும் மறுக்கக் கூடாதென்று நாங்களே ஒதுக்கி வைத்த முப்பத்தொரு கார்டுகளில் ஒன்று. அந்தப் பட்டியலை எழுதியவள் நான். இன்று அதை நீக்கிவிட்டேன்.' கீழே அவள் பெயர். வேறு யார் பெயரும் இல்லை. ராக்கோழி காலையில் சொன்ன யோசனை சரி என்று மட்டும் தனியாக ஒரு வரி எழுதி அவர் கோப்பில் வைத்தாள்.

நாலு மணிக்குக் கூட்டம். இருபத்திரண்டு வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்த ஐந்து வருடத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று ஒரு மாதமாகத் தயார் செய்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு இயக்குநர் மட்டும் கேட்டார்.

"அந்த முப்பத்தொண்ணுல என் கார்டும் இருந்துதா?"

"இருந்தது சார். இங்க இருக்கிற எல்லார் கார்டும் இருந்தது."

"நீக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதோடு அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்கு முன்பே முடிவு வந்தது. கோட்டுதான் புதிய நிர்வாகத் தலைவர். பெரியவர் அவள் அறை வாசல் வரை வந்தார், உள்ளே வராமல் திரும்பிப் போனார்.

போன் அடித்தது. சின்னவள்.

"கட்டியாச்சு. பதினேழு பேரும் கட்டியாச்சு. ரசீதை வாங்கினதும் அழறா இவ, காலையிலேர்ந்து அழாதவ. உனக்கு என்ன ஆச்சு? நாற்காலி?"

"போச்சு."

"என்னாலயா?"

"இல்லடி. என்னாலதான். நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காத" என்றாள். குரல் உடைந்துவிட்டது. மறுமுனையிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அழுதார்கள். அவர்கள் சேர்ந்து அழுது வெகு நாளாகியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. பெரியவள் போனை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோட்டு உள்ளே வந்தார்.

"உங்க மேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டு. நீங்க என்கூட இருக்கணும்னுதான் ஆசைப்படறேன்" என்றார். நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். பிறகு கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். "இயக்குநர்கள் அந்தப் பட்டியல் திரும்ப வேணும்னு சொல்றாங்க. வெளியில தெரிய வேண்டாம், சத்தமில்லாம நடக்கட்டும். இதுல இயக்கப் பிரிவோட கையெழுத்துதான் செல்லும்."

பெரியவள் எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொரு கார்டுகள். அவளுடையதும் இருந்தது.

"போடலைன்னா?"

"நாளைக்குக் காலை பத்து மணி வரைக்கும் யோசிங்க. போடலைன்னா, போடறவங்க ஒருத்தரை அந்த இடத்துல வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் கோட்டு. அவர் குரலில் கர்வம் இல்லை. சற்று முன்பு கிடைத்த நாற்காலி அவரை ஏற்கெனவே வளைத்துக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகுதான் போனை அணைக்கவில்லை என்பது பெரியவளுக்கு உறைத்தது. எடுத்தாள்.

"கேட்டியா?"

"எல்லாம் கேட்டேன்" என்றாள் சின்னவள்.

"நான் என்னடி செய்யட்டும்?"



"நம்ம ரெண்டு பேருக்கும் விவரம் தெரிஞ்ச நாளா, நீ என்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்ல" என்றாள் சின்னவள். "கதவைப் பூட்டிட்டு நேரா என் வீட்டுக்கு வா. அந்தக் காகிதத்தையும் எடுத்துட்டு வா. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."